காட்டுக் கீரைக்கு வந்த யோகம்

அதலைக்காய் என்று ஒரு காய் இருக்கிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வசிக்கும் நேயர்களில் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. அதலைக்காய் பிரயாணத்துக்கு லாயக்கற்ற காய். விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் பிறந்து, அந்தப் பக்கத்துச் சந்தையிலேயே விலையாகி, அன்று மாலையோ மறுநாள் காலையோ அடுப்பேறிவிடுவது அதன் ஜாதகம். அதற்கு மேல் வைத்திருந்தால் வெடித்துப் பிளந்து விதையைக் காட்டிவிடும். பட்டாசுக்குப் பேர் போன சீமையில் காய்கூட வெடிக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் பரிகாசம் செய்வதுண்டு.

பார்வைக்கு அது பாகற்காயின் கடைக்குட்டித் தம்பி. உண்மையிலேயே அந்தக் குடும்பந்தான். தாவர சாஸ்திரிகள் பாகலுக்கு இட்ட மொமார்டிகா என்னும் குலப்பெயரையே இதற்கும் இட்டு, மொமார்டிகா சிம்பலேரியா என்கிறார்கள். ஓர் அங்குல நீளம். உடம்பெல்லாம் வரிவரியான முகடு. இதை யாரும் விதைப்பதில்லை. யாரும் தண்ணீர் பாய்ச்சுவதுமில்லை. கோடை முழுவதும் மண்ணுக்கடியில் கிழங்காகக் கிடந்து உறங்கும். ஐப்பசியில் இரண்டு மழை விழுந்து கரிசல் கசகசவென்று ஊறியதும் விழித்துக்கொண்டு கொடி வீசும். கார்த்திகை, மார்கழியில் பருத்திக்கும் சோளத்துக்கும் நடுவே படர்ந்து காய்த்துத் தள்ளும். காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, வெங்காயமும் வற்றலும் சேர்த்து எண்ணெயில் வதக்கினால் ஒரு பொரியல்; புளி விட்டால் ஒரு குழம்பு. கசப்பு உண்டு, இல்லையென்று சொல்லி நேயர்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் முதல் கவளத்தில் விரோதியாக இருக்கும் அந்தக் கசப்பு மூன்றாவது கவளத்தில் சிநேகமாகிவிடும்.

அதலைக்காய்க்கு அக்கம்பக்கத்து உறவினர் ஏராளம். தொய்யக்கீரை, குமுட்டிக்கீரை, பண்ணைக்கீரை, சாரணை, மூக்கிரட்டை என்று மழைக்குப் பின் தரையிலே முளைப்பவை ஒரு கூட்டம். வேலியிலே ஏறுபவை மற்றொரு கூட்டம்: முடக்கத்தான், முசுமுசுக்கை, தூதுவளை, கோவை, பிரண்டை. விவசாயக் கணக்கிலே இவற்றில் பாதிக்குமேல் களை என்றுதான் பெயர். களை எடுக்கப் போன பெண்மணி, பிடுங்கியதில் பிஞ்சாகவும் தளிராகவும் உள்ளதை மடியிலே கட்டிக்கொண்டு வருவாள். காட்டுக்காரருக்குக் களை ஒழிந்தது. அவள் வீட்டுக்கு இரவுக் கீரை கிடைத்தது. ஒரே வேலையில் இரண்டு பலன். இந்த ஏற்பாட்டை எந்தத் திட்டக் கமிஷனும் வகுக்கவில்லை.

இப்படி மடியிலே வந்து கொண்டிருந்த கீரைக்கு இப்போது திடீரென்று யோகம் அடித்திருக்கிறது. பட்டணத்துக் கடைகளில் முடக்கத்தான் பொடி, பிரண்டைப் பொடி, தூதுவளைப் பொடி என்று கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். புட்டியின் மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் பெரிய எழுத்தில் ஒரு மந்திரம்: ஆண்டி ஆக்ஸிடெண்ட். முதுமையைத் தடுக்கும், நீரிழிவை ஓட்டும், புற்றுநோயை அண்டவிடாது என்று அதன் கீழே பலசுருதி. இந்த மந்திரத்துக்கு அர்த்தம் என்ன, அதிலே எவ்வளவு மெய், எவ்வளவு வியாபாரம் என்று பார்க்க வேண்டியது அவசியமாகிறது.

அர்த்தத்தைச் சொல்வதற்குச் சிவகாசிச் சீமையை விடத் தகுந்த இடம் கிடையாது. 1922-ஆம் வருஷத்தில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது முதல், இந்தப் பக்கத்திலே ரசாயன சாஸ்திரம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது. தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் என்னும் உப்பு இருக்கிறது. அதன் வேலை பிராணவாயுவைக் கொடுப்பது. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் தடவியிருக்கிறது. உரசினால் இரண்டும் சந்திக்கின்றன, பிராணவாயு பாய்கிறது, தீப் பிறக்கிறது. இரும்பு துருப்பிடிப்பதும் இதே காரியந்தான், ஆனால் ஆமை வேகத்தில். நம் உடம்புக்குள்ளே உண்ட சோறு எரிந்து சக்தி உண்டாவது, இந்த இரண்டுக்கும் நடுவேயுள்ள அடக்கமான அடுப்பு.

எந்த அடுப்பிலும் பொறி தெறிக்கும். உடம்பின் அடுப்பிலிருந்து தெறிக்கும் பொறிகளை விஞ்ஞானிகள் ‘ப்ரீ ராடிகல்’ என்கிறார்கள். ஓர் எலெக்ட்ரான் குறைந்து போய், அடுத்த அணுவிடமிருந்து அதைப் பறித்துக்கொள்ளத் துடிக்கும் துணுக்குகள் அவை. பறிகொடுத்தது தன் அடுத்ததிடம் பறிக்கும். இப்படியே சங்கிலியாகப் போகும். மனிதன் மூப்படைவதற்கே இந்தப் பொறிகள்தாம் காரணமாக இருக்கக்கூடும் என்று 1956-இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் ஒரு கொள்கையை வெளியிட்டார். 1969-இல் மக்கார்டு, பிரிடோவிச் என்ற இருவர், உடம்பே இந்தப் பொறிகளை அணைப்பதற்கென்று ஓர் என்ஸைமை வைத்துக்கொண்டிருக்கிறது என்று காட்டினார்கள். அதாவது, கீரைப் பொடி வாங்காதவனும் தீயணைப்புப் படை இல்லாமல் பிறக்கவில்லை. அந்தப் படைக்கு வெளியிலிருந்து வரும் உதவிதான் நாம் உண்ணும் ஆகாரத்திலுள்ள ஸி, ஈ என்ற ஜீவசத்துக்களும், கரோட்டின் என்னும் மஞ்சள் பொருளும், பாலிபீனால் என்ற பெரிய கூட்டமும். பறிக்க வரும் துணுக்குக்குத் தன் எலெக்ட்ரானைத் தானே கொடுத்துச் சங்கிலியை அறுத்துவிடுபவை இவை. ஆண்டி ஆக்ஸிடெண்ட் என்பது இவ்வளவுதான்.

காட்டுச் செடியில் இவை மிகுதி என்று சொல்வதற்கு நியாயம் உண்டு. கரிசல் காட்டு வெயிலில் நிழலில்லாமல் நிற்கும் இலை, வெளிச்சத்தைக் குடிக்கவும் வேண்டும், அதனால் வெந்து போகாமலும் இருக்க வேண்டும். ஓடவும் ஒளியவும் அதற்குக் காலில்லை. ஆகவே ரசாயனத்தாலேயே குடை பிடித்துக்கொள்கிறது. பூச்சியையும் ஆட்டையும் விரட்டக் கசப்பையும் துவர்ப்பையும் சேர்த்துக்கொள்கிறது. தோட்டக் காய்கறியில் மனிதன் தலைமுறை தலைமுறையாகக் கசப்புக் குறைந்ததாகப் பார்த்துப் பொறுக்கி விதைத்துவந்தான். கசப்போடு வேறு சிலவும் போயிற்று.

ஸி ஜீவசத்தின் கதையில் எங்கள் சீமைக்கு ஒரு தூரத்து உறவு உண்டு. ஹங்கேரி தேசத்து ஆல்பர்ட் சென்ட்-கியார்கி 1928-இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். ஆனால் ஆராய்ச்சிக்குப் போதுமான அளவு எதிலிருந்தும் கிடைக்கவில்லை. ஸெகெட் என்ற ஊரில் ஒரு நாள் இரவு அவர் மனைவி குடைமிளகாயைப் பரிமாறினார். மனிதருக்கு அதைச் சாப்பிட இஷ்டமில்லை. மனைவியிடம் அதைச் சொல்லத் தைரியமும் இல்லை. மிளகாயை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிசாலைக்குப் போய்ச் சோதித்தாராம். ஸி ஜீவசத்து கொட்டிக் கிடந்தது! இந்தக் கதையைச் சொன்னவர் அவரேதான். 1937-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. வற்றல் வியாபாரத்திலே பேர் பெற்ற விருதுநகரில் இந்தக் கதையைச் சொன்னால் எல்லோருக்கும் பெருமை. ஆனால் ஒன்று: பச்சை மிளகாயில் இருக்கும் ஸி சத்து, களத்தில் வெயிலிலே காய்ந்து வற்றலாகும்போது பெரும் பகுதி போய்விடுகிறது. கீரைப் பொடிக்கும் இதே நியாயந்தான் என்பதைப் புட்டிக்காரர்கள் சீட்டில் அச்சிடுவதில்லை.

அதலைக்காயையும் சோதித்திருக்கிறார்கள். 2002-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிப்படி, 100 கிராம் அதலைக்காயில் சுண்ணாம்புச் சத்து 72 மில்லிகிராம்; ஸி ஜீவசத்து 290 மில்லிகிராம்; நார் ஆறு கிராமுக்கு மேல். எலுமிச்சம்பழம் வெட்கப்படவேண்டிய கணக்கு. அதற்கு முன்பே, 1999-இல், ஆந்திர தேசத்து ஆராய்ச்சியாளர்கள் நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்கு இந்தக் காயின் பொடியைக் கொடுத்து, இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததைக் கண்டார்கள். சந்தோஷமான செய்தி. ஆனால் 290 என்பது பச்சைக் காயின் கணக்கு. வாணலியில் வதங்கிய காயின் கணக்கு அல்ல. எலி என்பது எலி; நம் மாமா அல்ல. மருந்து சாப்பிட்டு வரும் நீரிழிவுக்காரர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினாரானால், அதைவிடப் பெரிய பாபம் எனக்கு வேண்டியதில்லை.

சோதனைக் குழாயில் பொறியை அணைக்கும் பொருள் மனித உடம்பிலும் அப்படியே செய்யும் என்று நம்பிப் பெரிய பெரிய தேசங்களே ஏமாந்திருக்கின்றன. கரோட்டின் மிகுந்த காய்கறி உண்போருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்டார்கள். சரி, கரோட்டினையே மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் என்ன என்று பின்லாந்து தேசத்தில் புகை பிடிக்கும் ஆடவர் 29,133 பேரைச் சேர்த்து வருஷக் கணக்கில் பரீட்சித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை விழுங்கியவர்களுக்குப் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்குப் பதினெட்டு வீதம் அதிகமாயிருந்தது! அமெரிக்காவிலும் இதே மாதிரி, புகை பிடிப்போரும் கல்நார்த் தொழிலாளருமாக 18,314 பேரை வைத்து நடந்த பரீட்சையை, 1996-இல் பாதியிலேயே பயந்து நிறுத்திவிட்டார்கள். அங்கே நூற்றுக்கு இருபத்தெட்டு வீதம் அதிகம். எந்தப் பண்டத்தில் எவ்வளவு ஆண்டி ஆக்ஸிடெண்ட் சக்தி என்று அமெரிக்க விவசாய இலாகா ஒரு பெரிய அட்டவணை வெளியிட்டிருந்தது. அந்த எண்களுக்கும் மனித ஆரோக்கியத்துக்கும் நேரான சம்பந்தம் காணோம், வியாபாரிகள் அதைத் துர்விநியோகம் செய்கிறார்கள் என்று 2012-இல் அதையும் எடுத்துவிட்டது.

அப்படியானால் கீரையில் ஒன்றுமில்லையா? இருக்கிறது. காய்கறியும் கீரையும் நிறைய உண்போர் பொதுவிலே ஆரோக்கியமாயிருக்கிறார்கள் என்பதை இந்தப் பரீட்சைகள் பொய்யாக்கவில்லை. கீரையிலிருந்து ஒன்றை மட்டும் உருவி எடுத்து விழுங்குவது கீரை உண்பதற்குச் சமானமல்ல என்பதைத்தான் காட்டின. கச்சேரியிலிருந்து மிருதங்கத்தை மாத்திரம் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டால் சங்கீதம் வந்துவிடுமா?

என் அபிப்பிராயத்தில், ஆண்டி ஆக்ஸிடெண்ட் பேச்சு நம்மைக் கீரையின் உண்மையான வேலையிலிருந்து திசை திருப்பிவிட்டது. மூப்பைத் தடுப்பது பணக்காரர் கவலை. நம் நாட்டுப் பெண்களின் கவலை வேறு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ் நாட்டிலே 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தச் சோகை உள்ளவர்கள் என்று கண்டார்கள். பாதிக்கு மேல்! காலைப் பிரார்த்தனையின்போது வெயிலில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடும் மாணவியைப் பார்க்காத உபாத்தியாயர் எங்களுள் ஒருவரும் இல்லை.

இங்கே ஓர் ஆங்கில மாதின் கதையைச் சொல்ல வேண்டும். லூஸி வில்ஸ் என்ற டாக்டர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கொடிய இரத்தச் சோகையால் மாண்டுபோவதை ஆராய வந்தவர். கிருமியா என்று பார்த்தார், இல்லை. அந்தப் பெண்கள் உண்பதைப் பார்த்தார். காயும் கீரையும் பழமும் இல்லாத ஆகாரம். அதே ஆகாரத்தை விலங்குகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் சோகை கண்டது. நம் நீலகிரிக் குன்னூரிலும் சில காலம் எலிகளை வைத்து ஆராய்ந்தார். கடைசியில் ஈஸ்டிலிருந்து செய்த மலிவான மார்மைட் என்னும் பண்டம் அந்தச் சோகையைத் தீர்த்ததைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அதிலே என்ன இருந்தது என்பது அப்போது தெரியாது. பத்து வருஷம் கழித்து, 1941-இல், அமெரிக்காவில் டன் கணக்கில் பசலைவகைக் கீரையைப் பிழிந்து அந்தச் சத்தைப் பிரித்தார்கள். இலைக்கு லத்தீன் மொழியில் உள்ள பெயரை வைத்து ‘போலிக் அமிலம்’ என்றார்கள். இலை அமிலம் என்று நாம் தமிழில் சொல்லலாம். இன்று கர்ப்பிணிகளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அதுவேதான்.

பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்களின் இடத்தில் எங்கள் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் பெண்களை வைத்துப் பாருங்கள். விடிவதற்குள் சமையலை முடித்துப் பஸ் ஏறவேண்டும். தூக்குச் சட்டியில் சோறும் ஒரு துவையலும். மத்தியானம் சோறு இறங்கியதும் இறங்காததுமாக ஒரு டம்ளர் தேநீர். அந்தத் தேநீரில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அதிலுள்ள துவர்ப்புச் சத்தும் ஆண்டி ஆக்ஸிடெண்ட் வகையைச் சேர்ந்ததுதான். புட்டிச் சீட்டுக்காரர்கள் அதையும் புகழ்வார்கள். ஆனால் சாப்பாட்டோடு சேர்ந்தால் அது சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துக் கட்டிவைத்து, உடம்பில் சேரவிடாமல் செய்துவிடுகிறது. இதற்கு மாறாக ஸி ஜீவசத்து, குடலால் இழுத்துக்கொள்ள முடியாத இரும்பை எலெக்ட்ரான் கொடுத்துத் திருத்தி, இழுத்துக்கொள்ளக்கூடிய இரும்பாக மாற்றுகிறது. இரண்டும் ஒரே பட்டத்தைத் தரித்தவை. ஒன்று கெடுக்கிறது, மற்றொன்று கொடுக்கிறது. ஆகையால் கீரையை இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிவதும், தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதும், புட்டிப் பொடியைவிடச் செலவு குறைந்த வைத்தியம். கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் கடைந்து சேர்த்துக்கொண்டால் இலை அமிலம் கொஞ்சமாவது தங்கும். கரோட்டின் உடம்பில் ஒட்டுவதற்கு ஒரு கரண்டி எண்ணெய் வேண்டும். நல்லெண்ணெய்த் தாளிப்பு வெறும் நாக்குக்காக மட்டும் ஏற்பட்டதல்ல. ஆனால் கடுஞ்சோகை கண்டவருக்குக் கீரை மட்டும் போதாது. டாக்டர் தரும் மாத்திரையும் வேண்டும்.

கையருகே இருக்கும் இந்தக் கீரை அந்தப் பெண்களின் தூக்குச் சட்டிக்கு ஏன் வருவதில்லை?

ஒரு காரணம் வெட்கம். அது மிகப் பழைய வெட்கம். பத்துப்பாட்டிலே சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி வருகிறது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையிலே முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறகு, அயலார் பார்த்துவிடுவார்களே என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். டாக்டர் சாமிநாதையர் அவர்கள் 1889-இல் பத்துப்பாட்டை அச்சிட்டு நமக்குத் தந்தார். அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. விருந்தாளி வந்த அன்று எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலாவது தொய்யக்கீரை கடைகிறார்களா? உருளைக்கிழங்குக்கு ஓடுகிறார்கள்! பஞ்சத்துக்கு உண்டது என்ற பெயர் கீரையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அதையே பட்டணத்தார் புட்டியில் வாங்கும்போது கௌரவம் வந்துவிடுகிறது. ‘நம் முன்னோர் அறியாதது ஒன்றுமில்லை’ என்ற தேசாபிமானப் பிரசங்கமும் இலவசமாகக் கிடைக்கிறது. முன்னோரின் கீரையை உண்ண வெட்கம், முன்னோரைப் பற்றிப் பேசப் பெருமை. இதைத் தேசாபிமானம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மற்றொரு காரணம் இதைவிடக் கொடுமையானது. சில மாதங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளிடம், “உங்கள் ஊர்க் காட்டில் தானாக முளைக்கும் கீரைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள்” என்று சொன்னேன். பலரும் எழுதியவை அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை. கடையிலே கட்டுக் கட்டாக விற்பவை. ஒரு பெண் மட்டும் பக்கம் நிறைய எழுதி வந்திருந்தாள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். “எங்க அப்பத்தா, ஸார்” என்றாள். “அம்மாவுக்குத் தெரியாதா?” என்றேன். “தெரியாது, ஸார். சின்னப் பிள்ளையிலேயே தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டாங்க” என்றாள்.

கீரைப் பெயர் தெரிவதற்குப் புஸ்தகம் உதவாது. முளைத்த மூன்றாம் நாள் இலை எப்படி இருக்கும், எது பூத்தபின் முற்றிப்போகும், எதைத் தனியாகக் கடையலாம், எதை நாலோடு ஒன்றாகத்தான் சேர்க்கலாம் என்பதெல்லாம் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு காட்டிலே நடக்கும் வயதில் வருவது. ஏழெட்டு வயதில் விடியுமுன் எழுப்பிப் பஸ்ஸில் ஏற்றப்பட்ட குழந்தைகளுக்கு அந்த நடை கிடைக்கவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986-இல்; சிவகாசிக் குழந்தைகளைக் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பரில். அதற்கு முந்திய தலைமுறை பள்ளிக்கூடப் படிப்பை இழந்ததை எல்லோரும் பேசுகிறோம். காட்டுப் படிப்பையும் இழந்தது. அதைப் பற்றிப் பேசுவாரில்லை. இன்று அவர்களுடைய பெண்கள் பள்ளிக்கு வருகிறார்கள், சந்தோஷம். ஆனால் கீரை அறிந்தவர்கள் வீட்டில் அப்பத்தாமார்கள் மட்டுந்தான் மிஞ்சியிருக்கிறார்கள்.

காடும் முன் போலில்லை. களை வெட்ட ஆள் கிடைக்காததால் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். தெளித்த காட்டில் முளைத்ததை உண்ணக்கூடாது. விட்டுவைத்த தரிசைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொள்கிறது. சாலையோரத்திலும் ஆலைக் கழிவு கொட்டும் இடத்திலும் முளைத்த கீரையையும் தொடக்கூடாது. செடிக்கு நல்லது கெட்டது தெரியாது, மண்ணிலிருப்பதை உறிஞ்சிவிடும். பட்டாசின் பச்சை ஒளிக்குச் சேர்த்துவந்த பேரியம் உப்பை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்தது காற்றை உத்தேசித்து. மண்ணையும் உத்தேசிக்க வேண்டியதுதான்.

அறியாதவர்கள் அறிந்ததாக எண்ணிக்கொண்டு பறிப்பதும் ஆபத்து. சாரணையிலும் பருப்புக்கீரையிலும் ஆக்ஸாலிக் அமிலம் அதிகம். மூத்திரக் கல் கண்டவர்கள் ஒதுக்க வேண்டும், மற்றவர்களும் தினந்தோறும் உண்ண வேண்டாம். அதலையில் உண்பது காயை மட்டும். அதன் கிழங்கு கருவைக் கலைக்கக்கூடியது என்று நாட்டு வைத்தியத்திலும் பேச்சுண்டு, எலிப் பரீட்சையிலும் கண்டிருக்கிறார்கள். கர்ப்பிணிகள் அதன் அருகே போகலாகாது. இயற்கையில் விளைந்ததெல்லாம் சாது என்று எண்ணுவோர் ஊமத்தையும் இயற்கையில்தான் விளைகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் சர்க்கார் என்ன செய்யலாம் என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். விருதுநகர் மண்ணில் பிறந்த காமராஜர் 1956-இல் பள்ளிக்கூடங்களில் மத்தியானச் சோறு போட்டார். 1982-இல் எம். ஜி. ஆர். அதைச் சத்துணவாகப் பெருக்கினார். 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் வந்திருக்கிறது. அந்தப் பந்தியில் மழைக்காலத்து வாரங்களில் இரண்டு நாள் அந்தந்த ஊர்க் காட்டுக் கீரை பரிமாறினால் என்ன? கொண்டு வருபவர் அந்த ஊர் அப்பத்தாவாக இருக்கட்டும். கட்டுக்கு விலை கொடுக்கட்டும். கூடவே இரண்டு குழந்தைகள் போய்ப் பறித்து வரட்டும். பள்ளிக்கூடத்துப் பந்தியில் ஏறிவிட்டால் வெட்கம் போய்விடும். விவசாயிகளும் புஞ்சையின் ஒரு வரப்பையாவது மருந்தடிக்காமல் விட்டுவைக்கலாம். உழும்போது கலப்பையில் அகப்படும் அதலைக் கிழங்கை வேலியோரமாகப் புதைத்து வைத்தால் அடுத்த ஐப்பசிக்கு அதுவே முளைத்துக்கொள்ளும்.

சென்னையிலிருந்து எழுதியிருக்கும் சகோதரி ஒருவர் அதலைக்காய் ஒரு கிலோ பார்சலில் அனுப்ப முடியுமா என்று விசாரித்திருக்கிறார். மன்னிக்க வேண்டும். இரவு ரயிலில் ஏற்றினாலும், அவருடைய வீட்டுச் சமையலறைக்கு வருமுன் பாதிக் காய் வாயைப் பிளந்துவிடும். கார்த்திகை மாதம் மதுரைக்கு வருகிற காரியம் ஏதாவது இருந்தால், தெற்கே ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து, விருதுநகர்ச் சந்தையில் காலையிலேயே வாங்க வேண்டும். கரும்பச்சையாக, முகடு கூராக, விரலால் அழுத்தினால் விறைப்பாக இருப்பதே பிஞ்சு. மஞ்சள் பாய்ந்ததை எடுக்க வேண்டாம். விற்கிறவரிடம் எந்தக் காட்டில் பறித்தது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.